வேதத்தில் சேர்வது: நெல்லைச் சீமையில் ஒருவர் கத்தோலிக்கர் ஆகும் பாதை

திருநெல்வேலிப் பக்கம் ஒருவர் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி தெருவுக்கு வந்தால், முதல் கேள்வி "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்பதாக இருக்கும்; கத்தோலிக்கமா, சீர்திருத்தச் சபையான தென்னிந்தியத் திருச்சபையா என்று அர்த்தம். அடுத்தது, "பெண் எந்த ஊர்?" என்பது. அவர் எதை நம்பிச் சேர்ந்தார் என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்காததற்கும் காரணம் உண்டு. 1981-ல் மீனாட்சிபுரத்தில் பல குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறியது நாடு முழுவதும் பேசப்பட்டது. அதிலிருந்து மதமாற்றம் என்ற பேச்சை எடுத்தாலே இங்கே ஒரு சூடு ஏறிவிடுகிறது. ஒரு தரப்பு ஆசை காட்டினார்கள் என்கிறது. மறு தரப்பு அற்புதம் நடந்தது என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பும் வயதுவந்த ஒருவரிடம் அந்தச் சபை உண்மையில் என்ன எதிர்பார்க்கிறது, எத்தனை காலம் காக்க வைக்கிறது, எதைக் கேட்பதே இல்லை என்பவை இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகின்றன.

நெல்லைச் சீமையின் கத்தோலிக்கம் ஊர் ஊராகச் சேர்ந்து உருவானது. இன்றைய திருச்சபைச் சட்டமோ தனி மனிதரை உட்காரவைத்து, அவர் மனச்சாட்சியோடு பேசுகிறது. இன்று இங்கே சேர வருபவர் படும் பாடு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதால் வருவதுதான்.

முதலில் ஊர் சேர்ந்த கதை. முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையின் பரதவர்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்வார்கள். முத்துக்குளிப்பு உரிமையில் போட்டி, போட்டியில் ரத்தம், பாதுகாப்புக்குப் போர்த்துக்கீசியரின் கப்பல்கள். கொச்சிக்குப் போன தூதுக்குழு பாதுகாப்பைக் கேட்டது, அதோடு வேதத்தையும் ஏற்றுக்கொண்டது. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தச் சமூகம் பிழைக்க எடுத்த முடிவு அது. ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மக்களுக்குப் பெயர் மாறியது; சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் வந்து இறங்கியபோது கண்ட நிலை இதுதான். தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், மங்கள வார்த்தை மந்திரம், பத்துக் கட்டளை ஆகியவற்றைத் தமிழாக்கிக்கொண்டார். மணியை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்து பிள்ளைகளைக் கூட்டி, அவற்றை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவர் தங்கிய குகை மணப்பாட்டில் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த அன்ரிக்கே அன்ரீக்கஸ் அடிகளார் தமிழை ஆழமாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' ஒரு மறைக்கல்விச் சிறுநூல். இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஞானஸ்நானம் பெற்று நாற்பது ஆண்டு கழித்தும் அடிப்படைப் பாடம் தேவைப்பட்டது என்பதற்கும் அதே நூல் சாட்சி. முதலில் தண்ணீர், பிறகு பாடம் என்பது அந்தக் காலத்து வரிசை.

உள்நாட்டில் கதை வேறு. காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் போன்ற ஊர்களில் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள், போர்த்துக்கீசியக் கப்பலின் நிழல் விழாத இடத்தில் காவி உடுத்தி வேலை செய்தார்கள். வீரமாமுனிவர் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். இங்கே குடும்பம் குடும்பமாக, சாதி சாதியாகச் சேர்ந்தார்கள். கடற்கரையில் இருந்த வேகம் இல்லை. ஆனால் சேர்ந்தபோது கூடவே வந்த சாதி அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்தது. 1872-ல் வடக்கன்குளத்தில் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம். இரண்டு நடைகளும் பீடத்தில் வந்து கூடும். இரு தரப்பும் பூசையை, அதாவது திருப்பலியை, பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பு இடிக்கப்பட்டபோது சண்டை நீதிமன்றம் வரை போனது. தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். ஞானஸ்நானம் சாதியைக் கழுவிவிடும் என்று எதிர்பார்த்து இன்று வருகிறவர் இந்த ஒரு கோயிலின் கதையையாவது தெரிந்துகொண்டு வருவது நல்லது.

அதே வடக்கன்குளத்தில்தான், ஊரோடு சேராமல், உறவோடும் சேராமல், தனி ஆளாக வந்து சேர்ந்த ஒருவரின் கதையும் இருக்கிறது. நீலகண்டன், 1712-ல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டிலனாய் அவருக்கு நண்பர். குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்பு, கால்நடைகள் சாகின்றன, பயிர் பொய்க்கிறது. எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைத்தோம் என்று அலைந்துகொண்டிருந்தவரிடம் டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். நல்லவன் ஒருவனுக்கு எல்லாம் போகிறது, அவன் செய்த தப்பு என்று எதுவும் இல்லை, ஆனாலும் அவன் கடவுளை விடவில்லை என்ற கதை. கவனித்துப் பார்த்தால், கைமாறு தருகிற வாக்குறுதி எதுவும் அந்தக் கதை சொல்லப்பட்ட இடத்தில் இல்லை. துன்பத்துக்குக் கணக்கு கேட்டவருக்கு, கணக்கு என்ற எண்ணமே தவறாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது அவரைப் பிடித்துக்கொண்டது.

திருவிதாங்கூருக்குள் அரசு அலுவலர் ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எளிதல்ல. எனவே எல்லை தாண்டி வடக்கன்குளம் வந்தார். புத்தாரி அடிகளார் கற்பித்து, சோதித்து, 1745 மே 14-ல் ஞானஸ்நானம் கொடுத்தார். பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். அவருடைய கல்லறை வடக்கன்குளத்தில்தான் இருக்கிறது. சாதி பாராமல் எல்லோரோடும் பழகிய தேவசகாயத்தை 1749-ல் சிறைப்பிடித்தார்கள். எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' விடப்பட்டிருந்தது. சேர விரும்பும் ஒருவருக்கு இன்றைய திருச்சபை வைத்திருக்கும் நெறி, சவேரியார் காலத்துக் கூட்டத்தைவிட இந்த ஒற்றை மனிதர் வந்த வழியைத்தான் ஒத்திருக்கிறது: கேள்வி, நட்பு, கற்றல், சோதனை, பிறகு தண்ணீர்.

இன்று நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கத்தோலிக்கத்தின் முதல் அறிமுகம் பாடத்தால் வருவதில்லை, வேண்டுதலால் வருகிறது. செவ்வாய்க்கிழமை திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நெற்றியில் திருநீறும் கையில் மெழுகுவர்த்திக் கட்டுமாகப் பாதிப் பேர் இருப்பார்கள். உவரி அந்தோணியார், புளியம்பட்டி அந்தோணியார், சொக்கன்குடியிருப்பு அதிசய மணல் மாதா, தூத்துக்குடி பனிமய மாதா என்று இந்தத் தலங்களுக்கு வருகிற இந்துக்களைக் கழித்துவிட்டால் கூட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். மொட்டை போடுகிறார்கள், உப்பும் மிளகும் போடுகிறார்கள், கோயில் வளாகத்தில் நாட்கணக்கில் தங்குகிறார்கள். பிள்ளைக்கு அந்தோணி என்று பெயரும் வைக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர் ஆவதில்லை. ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை. அந்தோணியார் அவர்களுக்குக் குலசாமிக்குப் பக்கத்தில் இன்னொரு சாமி. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் குருக்களும் உண்டு. எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்தியும் கத்தோலிக்க விசுவாசமும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனால், முதல் மாதத்திலேயே திகைப்பு காத்திருக்கிறது.

திகைப்பு பெரும்பாலும் பூசையில் தொடங்கும். கோயிலில் பிரசாதம் எல்லோருக்கும் கிடைக்கும். அந்தோணியார் கோயிலிலும் பொங்கல் எல்லோருக்கும் கிடைக்கும், அசனம் என்ற பொது விருந்தில் எல்லோரும் உட்காரலாம். ஆனால் பூசையில் நன்மை, அதாவது பீடத்தில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம், வாங்க வரிசை நகரும்போது மட்டும், ஞானஸ்நானம் பெற்று, தகுந்த தயாரிப்போடு இருப்பவர்கள் மட்டும் வரவும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். பல வருடம் உவரிக்கு நடந்து வந்தவருக்கு இது சுருக்கென்று குத்தும். ஒதுக்குவது போலத் தெரியும். விஷயம் வேறு. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக உண்மையாகவே மாறுகின்றன என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அடையாளம், நினைவு என்றெல்லாம் சொல்லி அதை இலேசாக்க அந்தத் திருச்சபை சம்மதிப்பதில்லை. அதை நம்பாத ஒருவர் அதை உட்கொள்வது அவருடைய நேர்மைக்கே பொருந்தாது என்பதுதான் வாதம். ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் இதைப் புரிந்துகொள்ளாமல் கத்தோலிக்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. திருவிழா, கொடியேற்றம், சப்பரம், தேர் எல்லாம் இதைச் சுற்றி வளர்ந்தவை.

இந்துவாக இருந்து வருபவருக்கு இன்னொரு முடிச்சு, இயேசு பல சாமிகளில் ஒருவர் இல்லை என்பது. பூசை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் ஒரு மாதா படம் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். சேர விரும்புகிறவரிடம் பங்குச் சாமியார் என்றோ ஒரு நாள் அந்தப் பூசை அறையைப் பற்றிப் பேசத்தான் செய்வார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கும் ஒரே கடவுள். அந்தச் சுதன் மனிதனாய்ப் பிறந்து, பொந்தியு பிலாத்து காலத்தில் சிலுவையில் மரித்து, உயிர்த்தார். 325-ல் நிசேயாவில் சங்கமாகக் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்) சுதனைப் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று வரையறுத்தார்கள். அந்தச் சங்கத்தின் பெயர் தாங்கிய விசுவாசப் பிரமாணம்தான் இன்றும் ஞாயிறு பூசையில் சொல்லப்படுகிறது. அவதாரம் என்ற எண்ணத்தோடு வளர்ந்தவருக்கு மனிதனாய்ப் பிறந்த கடவுளை ஏற்பது எளிது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு பிறப்பு, மறுபிறவி இல்லை என்பது கடினம். பல மாதம் பேசினாலும் தீராத பேச்சு இங்கேதான் நடக்கும்.

சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து வருபவருக்கு இது எதுவும் சிக்கல் இல்லை. பிரமாணம் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். பாளையங்கோட்டையில் 1778-ல் குளோரிந்தா என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து, ரேனியஸ், கால்டுவெல் போன்ற மிஷனரிகள் வழியாக இந்தச் சீமையில் வேரூன்றிய மரபு அவருடையது. வேத வாசிப்பில் அவர் பல கத்தோலிக்கரைத் தோற்கடிப்பார். அவருக்கு மாதாவும், சுரூபம் என்கிற புனிதர் சிலையும், இறந்தவர் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலமும்தான் தொண்டையில் சிக்கும். சுரூபத்தை வணங்குகிறீர்களே என்று பாட்டி கேட்ட கேள்வி மனதில் இருக்கும். ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம் மட்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. தேர் இழுக்கும் இரவில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு உண்மையான கேள்வி கடைசியில் மாதாவைப் பற்றியதாக இருக்காது. வேதத்தை விளக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, உரோமையில் ஒருவர் சொன்னால் நான் ஏன் கேட்க வேண்டும் என்பதாக இருக்கும்.

இனி நடைமுறை. வயதுவந்தோரைச் சேர்க்கும் பழைய நீண்ட நெறியை, 1960-களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுக்கச் சொன்னது. அதன் சடங்கு நூல் 1972-ல் வெளிவந்தது. பாளையங்கோட்டை மறைமாவட்டமானாலும், உவரி, வடக்கன்குளம், இடிந்தகரை எல்லாம் அடங்கிய தூத்துக்குடி மறைமாவட்டமானாலும் நெறி ஒன்றுதான். முதலில் விசாரித்து அறியும் காலம். இதற்குக் கெடு இல்லை, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பிறகு ஒரு சிறு சடங்கில் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அவரை ஆயத்தக்காரராக ஏற்பார்கள். அந்த நிமிடம் முதல் திருச்சபை அவரைத் தன் ஆளாகவே பார்க்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனாலும் கத்தோலிக்க அடக்கச் சடங்கு அவருக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. உபதேசியாரோ கன்னியரோ சாமியாரோ மாதக்கணக்கில் பாடம் சொல்வார்கள். வெறும் மந்திர மனப்பாடம் போதாது, அவர் வாழ்க்கை மாறுகிறதா என்றும் பார்ப்பார்கள். 14 வயது நிரம்பிய யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் முன் ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். ஞானத்தகப்பனோ ஞானத்தாயோ வேண்டும். நம் ஊரில் குழந்தைக்கு ஞானத்தகப்பன் என்றால் தங்கச் சங்கிலி போடும் மாமா என்று ஆகிவிட்டது. வயதுவந்தவருக்கு வருபவர், இவர் உண்மையாகத்தான் வருகிறார் என்று சபை முன் நின்று பொறுப்பேற்க வேண்டியவர்.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் தொடக்கத்தில், அந்த ஆண்டு ஞானஸ்நானம் பெற அவர் தேர்ந்துகொள்ளப்படுகிறார். மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் அவருக்காகத் தனி மன்றாட்டுகள். அந்த ஞாயிறுகளுக்கு உரிய நற்செய்திகள் கிணற்றடியில் சமாரியப் பெண், பிறவிக் குருடன், கல்லறையிலிருந்து எழுந்த லாசர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய சனிக்கிழமை இரவு, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றியபின், சாத்தானை விலக்குவதையும் மூவொரு கடவுளை நம்புவதையும் தானே வாய் திறந்து சொல்கிறார். தண்ணீர். உடனே, எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல், வழக்கமாக ஆயர் கொடுப்பதை அன்று பங்குச் சாமியாரே கொடுக்கலாம். அதே பூசையில் முதல் நன்மை. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் மட்டும் அன்று கிடையாது. அதுவரை செய்த பாவம் அனைத்தையும் ஞானஸ்நானமே போக்கிவிடுகிறது. பழைய கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவதுண்டு.

சி.எஸ்.ஐ.யிலிருந்து வருபவருக்கு இந்தப் பாதை கிடையாது. முறைப்படி தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் கொண்டு நடந்த ஞானஸ்நானம் செல்லும். இரண்டாம் முறை கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. அவர் பாவசங்கீர்த்தனம் செய்து, விசுவாச அறிக்கை சொல்லி, உறுதிப்பூசுதலும் நன்மையும் பெறுகிறார். "எனக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்" என்று யாராவது சொன்னால், பழைய ஞானஸ்நானத்தில் நியாயமான ஐயம் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது தவறாக நடந்திருக்கிறது.

இப்போது அந்த "பெண் எந்த ஊர்?" கேள்வி. கத்தோலிக்கரை மணக்க மதம் மாற வேண்டும் என்பது நம் பக்கத்தில் ஆழமாகப் பதிந்துவிட்ட நினைப்பு. திருச்சபைச் சட்டம் அப்படிக் கேட்பதில்லை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரின் விலக்கு, அதாவது சிறப்பு அனுமதி, வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். அவ்வளவுதான். விலக்கு வாங்க அலைவதைவிட ஞானஸ்நானம் சுலபம் என்று நினைப்பது குடும்பங்கள். சிலசமயம் பந்தலுக்கு நாள் குறித்த அவசரத்தில் சாமியார்களும் தலையாட்டிவிடுகிறார்கள். கல்யாணத்துக்காக மூன்று வாரத்தில் வாங்கிய ஞானஸ்நானம் கல்யாண ஆல்பத்தோடு பீரோவுக்குள் போய்விடும். யாரையும் அவர் மனச்சாட்சிக்கு மாறாகச் சேர வற்புறுத்தக்கூடாது என்று திருச்சபைச் சட்டத்திலேயே தனி விதி இருக்கிறது. ஆசை காட்டி இழுப்பதையும் 1965-ல் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. வெளியே இருந்து குற்றம் சாட்டுபவர்களுக்கு முன்னால், இந்த விதிகளை முதலில் நினைவூட்ட வேண்டியது மாமியார்களுக்கு.

இதைவிடக் கனமான தடை அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழக்கிறார். பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறக்கப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானத்தால் தெருவும் மாறாது, ஒதுக்குபவரும் மாறார், பிள்ளையின் கல்விச் சலுகை மட்டும் மாறும். அதனால் ஞாயிறு தவறாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, சான்றிதழில் இந்துவாகவே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறர் இதை ஏமாற்று என்பார்கள். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. ஆனால் நன்மை வரிசை நகரும்போது எழாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தகப்பன் கொடுக்கும் விலையை, பிறவியிலேயே அந்தோணி என்று பெயர் வாங்கியவர்கள் கொடுத்ததில்லை.

பாஸ்கா இரவோடு பாதை முடிவதில்லை என்று 1972-ன் நூல் சொல்கிறது. பெந்தெகொஸ்தே வரையிலான 50 நாட்கள் புதியவர்கள் பெற்றதை ருசித்துப் புரிந்துகொள்ளும் காலம். ஊரார் அவர்களைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் காலம். நம் பங்குகளில் மிக மோசமாக நடப்பது இந்தக் கடைசிக் கட்டம்தான். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறியதும் பாடம் சொன்னவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறார். தலைமுறை தலைமுறையாக வேதக்காரராக இருக்கும் ஊரில், தலைக்கட்டு வரி, சப்பரம் தூக்கும் முறை, கல்லறைத் தோட்டத்தில் இடம் என எல்லாம் குடும்ப வரிசைப்படி ஓடும். நேற்று சேர்ந்தவருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக் கூட்டத்துக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், விருந்தாளிக்குப் போடுவது போல. சில பங்குகளில் புதிதாகச் சேர்ந்தவரையே அடுத்து வருபவருக்கு ஞானத்தகப்பனாக நிறுத்துகிறார்கள்; அவருக்கு ஊரில் ஒரு வேலையும் ஓர் உறவும் கிடைத்துவிடுகிறது. பாடத்திட்டம் மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு, ஆயரின் அனுமதியும் தேவையில்லை.